நேற்றுப் பார்த்த வழியை மூளை எங்கிருந்து எடுக்கிறது? கேள்வி பதில்

கவிதா: ஒரு புதுக் கட்டடத்துக்குப் போய்வந்தால் மறுநாள் வழி ஞாபகம் இருக்கிறதே, அது மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் வேலை மட்டும்தானா?

மட்டும் இல்லை. ஆனால் அது இல்லாமல் நடக்காது. 1971இல் ஜான் ஓகீஃபும் ஜொனதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியும் எலியின் ஹிப்போகாம்பஸில், எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்களைக் கண்டார்கள். இவைதான் இடச்செல்கள். பக்கத்திலேயே இருக்கும் என்டோரைனல் கார்டெக்ஸ் தூரத்தையும் திசையையும் கணக்கு வைக்கிறது. கண்ணெதிரே தெரிவதை மனத்தில் உள்ள வரைபடத்தோடு பொருத்துவதில் ரெட்ரோஸ்ப்ளீனியல் கார்டெக்ஸுக்குப் பெரிய பங்கு. அங்கே அடிபட்ட சிலருக்குக் கட்டடம் அடையாளம் தெரியும், அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்புவது என்பதுதான் தெரியாது.

முருகன்: இதையெல்லாம் எப்படிச் சோதிக்கிறார்கள் சார்?

ரிச்சர்ட் மோரிஸின் தண்ணீர்த் தொட்டிச் சோதனை பிரபலம். கலங்கலான தண்ணீருக்கு அடியில் ஒரு மேடை மறைந்திருக்கும். சுற்றியுள்ள அடையாளங்களை வைத்து எலி அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஹிப்போகாம்பஸ் பழுதான எலி திணறிவிடும். மேடையை வெளியே தெரியும்படி வைத்தால் அதே எலி நேராக நீந்திப்போய் ஏறிக்கொள்ளும். ஆக, கண்ணிலோ காலிலோ குறையில்லை.

செல்வி: பழகிய வழியில் யோசிக்காமலே போய்விடுகிறோமே, அது எப்படி?

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இங்கேதான் வருகிறது. 1996இல் பேக்கார்டும் மெக்காவும் கூட்டல் குறி வடிவப் பாதையில் எலிகளைப் பழக்கினார்கள். கிளம்பும் முனையும் மாறாது, உணவு இருக்கும் கிளையும் மாறாது. 8ஆம் நாள் எதிர்முனையிலிருந்து விட்டபோது பெரும்பாலான எலிகள் உணவு இருந்த இடத்துக்கே போயின. ஹிப்போகாம்பஸை லிடோகைனால் மரத்துப்போகச் செய்தால் அந்தத் திறமை காணாமல் போனது.

16ஆம் நாள் கதை மாறியது. எலிகள் இடத்தைத் தேடவில்லை, வழக்கமாகத் திரும்பும் பக்கமே திரும்பின. இது காடேட் என்ற, பழக்கங்களைக் கவனிக்கும் மூளைப் பகுதியின் வேலை. சரி, அதை மரத்துப்போகச் செய்தால்? எலிகள் மறுபடி சரியான இடத்துக்கே போயின! இட நினைவு அழியவில்லை, பழக்கம் அதை முந்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதனால் எது நினைவில் இருக்கிறது என்று மட்டும் கேட்டால் போதாது, அந்த நேரத்தில் எந்தப் பகுதி வழிநடத்துகிறது என்றும் கேட்க வேண்டும்.

அருண்: தூக்கம் இதற்கு உதவுமா?

உதவும் என்றே நினைக்கிறேன். எலி நடந்தபோது சேர்ந்து துடித்த இடச்செல்கள் பிறகு அது தூங்கும்போதும் சேர்ந்து துடிப்பதை வில்சனும் மெக்நாட்டனும் 1994இல் காட்டினார்கள்.

மீனா: அப்பாவுக்கு அல்சைமர். சின்ன வயதில் இருந்த தெருவைத் துல்லியமாகச் சொல்கிறார். குடிவந்த வீட்டில் கழிவறையைத் தேடுகிறார். ஏன் இப்படி?

அவர் வேண்டுமென்றே செய்யவில்லை, மீனா. இந்த நோய் பெரும்பாலும் என்டோரைனல் கார்டெக்ஸையும் ஹிப்போகாம்பஸையும்தான் முதலில் பிடிக்கிறது. புது இடம் பதிவதே கடினமாகிறது. ஹிப்போகாம்பஸ் இருபுறமும் பழுதான ஒருவர் இளமையில் வாழ்ந்த ஊரின் வழிகளைச் சரியாகச் சொன்னார், பிற்பாடு குடியேறிய ஊரில் எதையும் சொல்ல முடியவில்லை. 1999இல் டெங்கும் ஸ்குவயரும் இதைப் பதிவு செய்தார்கள். பழையதற்கு மூளையின் மற்றப் பகுதிகள் கைகொடுக்கின்றன.

கட்டில், நாற்காலியை இடம் மாற்றாதீர்கள். கழிவறைக் கதவில் பெரிய படம் ஒட்டுங்கள், கதவு திறந்தே இருக்கட்டும், இரவில் அங்கே விளக்கு எரியட்டும். அப்புறம், தினமும் ஒரே வழியாகக் கூட்டிப்போங்கள். பழக்கமாகப் பதிவது சிலருக்கு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும்.