பெயருக்கு எழுதிக் கொடுக்காதீர்கள், தார் உறையில் தொடங்குங்கள்

கேள்வி: 6 ஏக்கரில் திசு வளர்ப்புக் கேவண்டிஷ் வாழை போட்டிருக்கிறேன். இப்போது மறுதாம்பு (முதல் மரத்தை வெட்டிய பின் பக்கக்கன்றிலிருந்து வரும் பயிர்), குலை தள்ளும் பருவம். ஏற்றுமதிக்குக் காய் எடுப்பவர் இந்த முறை நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்து, இதை நிரப்பினால்தான் வெட்டுவேன் என்கிறார். மருந்தடித்த கணக்கு, கழற்றிய தார் உறைகளை என்ன செய்கிறேன், ஓடைக்கும் தோட்டத்துக்கும் எவ்வளவு இடைவெளி, கூலிப் பதிவேடு, வேலையாட்கள் கை கழுவ இடம் உண்டா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். விலையைக் கூட்டித் தருவதாகப் பேச்சே இல்லை. தெரிந்தவர்கள் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நானும் அப்படியே செய்யலாமா? உண்மையாகவே செய்வதென்றால் எதில் தொடங்குவது?

பதில்: அப்படி எழுதிக் கொடுக்காதீர்கள் ஐயா. நாளைக்குக் காயில் மருந்து எச்சம் இருப்பது சோதனையில் தெரிந்தால், தாளில் இருப்பது உங்கள் கையெழுத்து. அது ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் படிவத்தில் கேட்டிருப்பவை உங்களிடம் வேலை செய்பவர்களின் உடம்பையும், நீங்கள் குடிக்கிற தண்ணீரையும் பற்றிய கேள்விகள். வாங்குபவர் கேட்காவிட்டாலும் நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை. விலையைப் பற்றிய உங்கள் ஆதங்கம் நியாயமானது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் உறை, அதாவது காயில் பூச்சித் தழும்பு விழாமல் இருக்கத் தாரின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் பை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்தில் உறை மாட்டும்போது பக்கத்தில் நின்றிருந்தேன். ஏணியில் ஏறிய ஓர் அம்மா, ஒட்டிக்கொண்டிருந்த நீல உறையின் வாயைப் பிரிக்க முடியாமல், உதட்டருகே கொண்டுபோய் ஊதினார். உறை விரிந்தது, தாரில் மாட்டினார், அடுத்ததை எடுத்தார். அது பூச்சிமருந்து ஏற்றிய உறை. அவரிடம் யாரும் சொல்லவில்லை. சிப்பத்தின் மேல் எச்சரிக்கை இருந்தது, ஆனால் அவர் படிக்கத் தெரிந்த மொழியில் இல்லை. அன்றிலிருந்து எந்த வாழைத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் உறைச் சிப்பத்தைத்தான் கையில் எடுக்கிறேன்.

இப்படிப்பட்ட உறைகளில் நெடுங்காலமாக ஏற்றப்பட்ட மருந்து குளோர்பைரிபாஸ். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்ற அச்சமும் சேர்ந்து, ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அதற்கான அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. ஆகவே மருந்தில்லாத, காற்றோட்டத் துளை உள்ள வெறும் உறை வாங்குங்கள். இலைப்பேன் தழும்பு வருமே என்பீர்கள். சீப்பெல்லாம் விரிந்து முடியும்வரை காத்திருக்காமல், குலை வெளியே வந்து கவிழும்போதே உறையை மாட்டிவிட்டால் அந்தத் தழும்பு பெருமளவு குறையும். மருந்து செய்ய வேண்டிய வேலையில் பாதியை நேரம் செய்துவிடும்.

கழற்றிய உறைக்குக் கணக்கு வையுங்கள். ஏக்கருக்குச் சுமார் 1,200 மரம் என்றால் உங்கள் தோட்டத்தில் ஒரு போகத்துக்கே 7,000 உறைக்கு மேல் ஆகிறது. எரித்தால் அந்தப் புகையை உங்கள் வீட்டார்தான் முதலில் சுவாசிப்பார்கள். அப்படியே விட்டால் மண்ணைக் கிளறும் இடமெல்லாம் நீலத் துணுக்கு, வாய்க்கால் மடையிலும் அதுவே. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். கிழியாததை அலசிக் காயவைத்து அடுத்த போகத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், கிழிந்ததையும் நைலான் கயிற்றையும் மூட்டை கட்டி மறுசுழற்சிக்குக் கொடுக்கலாம். மருந்தேற்றிய பழைய உறை இருந்தால் அதை மற்றதோடு கலக்காமல் தனியே கட்டி, விற்றவரையே திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்தப் பயிரின் பழைய கதை தெரிந்தால் நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று புரியும். வாழை நூற்புழுவுக்கு டிபிசிபி என்றொரு மருந்து இருந்தது. 1977இல் கலிபோர்னியாவில் அதைத் தயாரித்த ஆலையின் ஆண் தொழிலாளர்களுக்கு மலட்டுத்தன்மை வந்திருப்பது தெரியவந்தது. அதன் பிறகும் மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் அதை ஊற்றினார்கள். கோஸ்டாரிகா, நிகரகுவா, ஹோண்டுராஸ் தோட்டங்களில் வேலை செய்த ஆயிரக்கணக்கானோர், எங்களுக்குப் பிள்ளை இல்லாமல் போனதற்கு இதுவே காரணம் என்று பல பத்தாண்டுகள் நீதிமன்றப் படி ஏறி இறங்கினார்கள்.

இன்னொன்று குளோர்டெகோன். கரீபியக் கடலில் பிரான்சுக்கு உட்பட்ட மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் 1972 முதல் 1993 வரை கிழங்குக் கூன்வண்டுக்கு அதைப் போட்டார்கள். மருந்தை நிறுத்தி முப்பது ஆண்டு தாண்டியும் மண்ணை விட்டு அது போகவில்லை. பல நிலங்களில் கிழங்குப் பயிர் வைக்க முடியாது, கடலோரத்தில் பல இடங்களில் மீன் பிடிக்கக் கூடாது. அந்தத் தீவுகளில் பெரியவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் அந்த மருந்து இருக்கிறது. அதே கூன்வண்டு உங்கள் தோட்டத்துக் கிழங்கிலும் இருக்கக்கூடும். மறுதாம்பில்தான் அது பெருகும். குருணை மருந்தைத் தேடிப் போவதற்கு முன், அறுவடை முடிந்த அடிமரத்தைத் தரைமட்டமாக வெட்டித் துண்டாக்கிக் காயவிடுங்கள். சில தண்டுத் துண்டுகளை நீளவாக்கில் பிளந்து, வெட்டுமுகம் மண்ணில் படும்படி தூரடியில் வையுங்கள். இரவில் வண்டு வந்து ஒதுங்கும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை புரட்டிப் பொறுக்கி அழித்தால், எத்தனை வண்டு விழுகிறது என்று பார்த்தே மருந்து தேவையா என்று முடிவு செய்யலாம்.

இலைப்புள்ளி நோய்க்கும் இதே முறைதான். பெரிய ஏற்றுமதித் தோட்டங்களில் கருஞ்சிகடோகா என்ற இலைப்புள்ளிப் பூசண நோய்க்கு ஆண்டில் 40 முறைக்கு மேல் விமானத்திலிருந்து மருந்து தூவுகிறார்கள். நமக்கு அந்த வழி வேண்டாம். புள்ளி விழுந்த பகுதியை வாரம் ஒருமுறை அறுத்து எடுங்கள், தண்ணீர் தேங்காமல் வடிகால் எடுங்கள், தேவையற்ற பக்கக்கன்றுகளைக் கழியுங்கள். பூக்கும்போது எட்டு நல்ல இலையாவது மரத்தில் நிற்கட்டும். அடித்தே ஆக வேண்டுமென்றால் ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து அடிக்காதீர்கள். மேங்கோசெப் என்ற பூசணக்கொல்லிக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் அனுமதியை மறுத்துவிட்டதால், காய் எந்த நாட்டுக்குப் போகிறது, அங்கே எந்த மருந்துக்கு எவ்வளவு எச்சம் வரை ஏற்பார்கள் என்ற பட்டியலை வாங்குபவரிடம் கேட்டு வாங்குங்கள். அதைக் கொடுப்பது அவர் கடமை.

ஓடை ஓரத்து வரிசைகளில் மருந்தே வேண்டாம், அந்தக் கரையில் புல்லும் புதரும் வளரட்டும். சீப்பைக் கழுவும் தொட்டித் தண்ணீரில் வாழைப்பாலும் சில வேளை பூசணக்கொல்லியும் கலந்திருக்கும், அதை நேராக ஓடையில் திறந்துவிடாதீர்கள்.

வேலையாட்கள் விஷயத்துக்கு வருவோம். 18 வயது நிரம்பாதவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும் மருந்தின் பக்கமே வரக் கூடாது. மருந்தடித்த வயலுக்குள் எப்போது மறுபடி இறங்கலாம் என்பது டப்பாவில் போட்டிருக்கும். அதைப் படித்து, வரப்பில் ஒரு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். ஒரு டிரம் தண்ணீர், சோப்பு, ஒதுங்க இடம், மறைப்புள்ள கழிப்பிடம் என்றால் பெரிய செலவு ஆகாது. தார் சுமப்பவருக்குத் தோளில் வைக்க ஒரு மெத்தை தைத்துக் கொடுங்கள். 30 கிலோ தாரை வரப்பில் சுமந்து பார்த்தவருக்கு அதன் அருமை தெரியும். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. வெட்டுக்கூலியை ஒப்பந்தக்காரர் மொத்தமாக வாங்கிப் போகிறார் என்றால், வெட்டியவர் கைக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று வெட்டியவரையே நேரில் கேட்டு எழுதுங்கள். பெரும்பாலான பதிவேடுகள் பொய்யாவது இந்த இடத்தில்தான்.

படிவத்தில் இல்லாத ஒன்றை நீங்கள் வாங்குபவரிடம் கேட்க வேண்டும். பனாமா வாடல் நோயின் டிஆர்4 வகை 2019இல் கொலம்பியாவிலும், 2021இல் பெருவிலும் உறுதியானது. கேவண்டிஷையே சாய்க்கும் பூசணம் அது. மண்ணில் ஏறிவிட்டால் பல பத்தாண்டு அங்கேயே கிடக்கும், மருந்து கிடையாது. செருப்பில் ஒட்டிய சேற்றில், வெட்டுக்கத்தியில், வண்டிச் சக்கரத்தில்தான் தோட்டம் விட்டுத் தோட்டம் போகிறது. ஆகவே வாங்குபவரிடம் கேளுங்கள்: அவருடைய வெட்டு ஆட்களும் வண்டியும் எத்தனை தோட்டத்துக்குப் போய் வருகிறார்கள்? உங்கள் வாசலில் பிரஷ் போட்டுச் சேற்றைத் தேய்த்துக் கழுவிய பிறகே கிருமிநாசினித் தொட்டியில் கால் வைக்கச் சொல்லுங்கள். சேறு இருக்கும்வரை கிருமிநாசினி வேலை செய்யாது. வண்டி சாலையிலேயே நிற்கட்டும்.

இனி விலை. பொறுப்பு என்பதை விளைவிப்பவர் தலையில் மட்டும் கட்டினால் அது நிலைக்காது. ஃபேர்டிரேட் என்ற நியாய வணிகச் சான்றிதழ் முறையில் குறைந்தபட்ச விலை ஒன்று உண்டு, அதற்கு மேல் 18.14 கிலோ பெட்டி ஒன்றுக்கு 1 அமெரிக்க டாலர் தனியே தருகிறார்கள். அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதை விளைவிக்கும் பக்கத்தில் இருப்பவர்களே முடிவு செய்கிறார்கள். தனியாளாகச் சான்றிதழ் எடுப்பது உங்களுக்குக் கட்டுப்படியாகாது. அக்கம்பக்கத்து வாழைக்காரர்கள் குழுவாகச் சேர்ந்தால் தணிக்கைச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம், விலை பேசும்போதும் குரல் எடுபடும். 2019இல் வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், பெரிய வாங்குபவர்கள் தங்களைவிடச் சிறியவர்களிடம் எடுக்கும் அழுகும் பொருளுக்குப் பணம் தர 30 நாளுக்கு மேல் இழுத்தடிப்பதையும், 30 நாளுக்கும் குறைவான அவகாசத்தில் கொள்முதலை ரத்து செய்வதையும் தடை செய்கிறது. உங்களிடம் எடுப்பவர் இடைத்தரகராகவே இருக்கட்டும், அதே மாதிரி நாள் கணக்கையும் விலையையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். நான்கு பக்கம் கேட்டவர் ஒரு பக்கம் எழுதித் தரலாம்.

படிவத்தில் செய்வதற்கு ‘ஆம்’ என்றும், செய்யாததற்கு ‘இல்லை, இந்தத் தேதிக்குள் செய்வேன்’ என்றும் எழுதுங்கள். உறை வாங்கியதும் பிரிப்பதற்கு முன் சிப்பத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் படம் எடுத்து அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.