கேள்வி-பதில்: ஓடாத படகு, உயிரில்லாத பேட்டரி

படகு என்றதும் கடலோரத்துக் கடிதங்கள் என்று நினைக்க வேண்டாம். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் மாந்தோப்புக்குள் குளம் வெட்டி, விருந்தினருக்கென்று சின்ன ஃபைபர் படகு வாங்கி மிதக்கவிட்டவர்கள் இருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

மாம்பழ சீசன் முடிந்ததும் படகைத் தகர ஷெட்டில் ஏற்றி நிறுத்தினோம். பொங்கலுக்கு இறக்கினால் சாவியைத் திருப்பும்போது ‘டிக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது. மூன்று ஆண்டுகளில் இது இரண்டாவது பேட்டரி. மட்டமான தயாரிப்பா?
— காவேரிப்பட்டணம் வாசகர்

தயாரிப்பாளரைத் திட்டுமுன் டெர்மினலை, அதாவது பேட்டரியில் கம்பி மாட்டும் முனையைப் பாருங்கள். மேலே வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கம்பியைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி மாட்டுங்கள். சில நேரம் கதை அதோடு முடிந்துவிடும்.

முடியவில்லை என்றால், பேட்டரி நின்ற இடத்திலேயே காலியாகியிருக்கிறது. சாவியை எடுத்துவிட்டால் எல்லாம் அணைந்துவிட்டதாக நினைக்கிறோம். ஸ்டீரியோவின் கடிகாரமும், படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் தானியங்கி பம்பின் சென்சாரும் சாவியைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதில்லை. எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு). 60 ஆம்பியர் மணி பேட்டரி 50 நாளில் வறண்டுவிடும். நீங்கள் நிறுத்தியதோ ஐந்து மாதத்துக்கு மேல். போதாததற்குத் தகர ஷெட். வெயில் ஏற ஏற பேட்டரி தானாகவே சார்ஜை இழக்கும் வேகமும் கூடும். காலியான பேட்டரியை அப்படியே போட்டுவைத்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகும். பிறகு எந்தச் சார்ஜராலும் பழைய பலத்தை முழுதாக மீட்க முடியாது.

அடுத்த முறை, முழுச் சார்ஜ் ஏற்றிய பிறகே நிறுத்துங்கள். நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். முடிந்தால் பேட்டரியையே வெளியே எடுத்து நிழலில் வையுங்கள். மாதம் ஒரு முறை மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சார்ஜரை எடுத்துச் சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4க்கு இறங்கினால் சார்ஜ் ஏற்றுங்கள். 12.0 என்றால் கிட்டத்தட்ட காலி.

ஒன்றை மறக்கக் கூடாது. படகு தண்ணீரிலேயே கிடக்கும் காலத்தில் எல்லாவற்றையும் மெயின் சுவிட்சில் அணைக்கலாம். இறைக்கும் பம்பை மட்டும் அணைக்காதீர்கள். அதற்குத் தனி ஃபியூஸ் போட்டு பேட்டரியிலிருந்து நேராகக் கம்பி கொடுங்கள். பேட்டரியைக் காப்பாற்றப் போய் ஒரு மழை இரவில் படகைக் குளத்தடியில் தேட வேண்டாம்.

இன்ஜின் ஓடும்போதே சார்ஜ் ஏறிவிடாதா? வாரம் ஒரு நாள் கால் மணி நேரம் மெதுவாகச் சுற்றுகிறோமே?
— ஓசூர் வாசகர்

மெதுவாகச் சுற்றுவதுதான் சிக்கல். படகின் பின்புறம் வெளியே மாட்டும் சின்ன அவுட்போர்டு இன்ஜின் வேகமாக ஓடும்போதே சில ஆம்பியர்தான் தரும். மெதுவாகப் போகும்போது அதுவும் இல்லை. விளக்கும் பாட்டும் அதைத் தின்றுவிடும். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சில மாடல்களில் சார்ஜ் ஏற்றும் கம்பிச் சுருளே கிடையாது. வாங்கும்போது விவரத்தாளில் அந்த வரியைத் தேடிப் படித்தீர்களா?

ஒகேனக்கல் பரிசலுக்கு பேட்டரி மோட்டார் மாட்டலாமா?
— பென்னாகரம் வாசகர்

வட்டப் பரிசலின் ஓரத்தில் மோட்டார் மாட்டினால் அது போகாது, சுற்றும். துடுப்பே போதும்.

மீன் பிடிக்கும் படகுக்கு மின் மோட்டார் வாங்கினேன். விலை குறைவு என்று கார் பேட்டரி போட்டேன். பில் வேண்டாம் என்றால் 600 ரூபாய் குறைப்பதாகச் சொன்னதால் பில்லும் வாங்கவில்லை. மூன்றே மாதத்தில் போய்விட்டது. இழப்பீடு கிடைக்குமா?
— கிருஷ்ணகிரி வாசகர்

யாரிடம் கேட்பீர்கள்? கார் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில விநாடி பெரும் மின்சாரம் கொடுத்து இன்ஜினை எழுப்பிவிட்டு ஓய்வெடுக்கப் பிறந்தவை. மின் மோட்டாரோ மணிக்கணக்கில் உறிஞ்சும். 55 பவுண்டு விசை கொண்டது முழு வேகத்தில் ஏறக்குறைய 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்காமல் ஓட்டினால் ஒரு மணி நேரம்தான். அடியோடு இறக்கி இறக்கி ஏற்றினால் கார் பேட்டரி தாங்காது. காருக்கென்று விற்ற பேட்டரியை வேறு வேலைக்குப் போட்டால் வாரண்டி செல்லாது என்று அட்டையிலேயே பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். அட்டையைப் படிக்கவில்லை, பில்லையும் 600 ரூபாய்க்கு விற்றுவிட்டீர்கள்.

அடுத்து வாங்குவது ஆழமாக இறங்கி ஏறும் வகை, அதாவது டீப் சைக்கிள், ஆகட்டும். வீட்டு இன்வெர்ட்டரின் டியூபுலர் பேட்டரியும் அந்தக் குணம் கொண்டதுதான். ஆனால் ஐம்பது கிலோவைத் தாண்டும். படகு சாய்ந்தால் அமிலம் வழியும். மூடிய ஜெல் வகை படகுக்கு நல்லது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் எடை மிகக் குறைவு, விலை அதிகம், அதற்கேற்ற சார்ஜரும் வேண்டும்.

அம்மா, எங்கள் பண்ணைப் படகுக்கு பேட்டரி வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. படகுக்குத்தான் என்று சொல்லித்தான் வாங்கினேன். 48 மாத வாரண்டி என்றார்கள். அட்டையில் முத்திரை வைக்கவில்லை. பில் நாளைக்குத் தருகிறோம் என்றார்கள். இப்போது ‘இங்கே வாங்கினீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்’ என்று சிரிக்கிறார்கள். செல்போனில்தான் பணம் அனுப்பினேன்.
— தர்மபுரி வாசகி

அவர்கள் சிரிக்கட்டும். செல்போனில் பணம் போன பதிவே உங்கள் முதல் ஆதாரம். பேட்டரியின் மேல் இருக்கும் வரிசை எண் இரண்டாவது. எந்த விற்பனையாளருக்கு அனுப்பினோம் என்று அந்த எண்ணை வைத்துத் தயாரிப்பாளரால் தேடிப் பார்க்க முடியும். இரண்டையும் படம் எடுத்து, தயாரிப்பாளருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். அசையவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பில் தராமல் இருப்பதையே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. இதை மட்டும் கடையில் நின்று உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

இந்த ‘48 மாதம்’ என்பது எனக்குப் பல நாள் எரிச்சல். அட்டையைத் திருப்பினால் முதல் 24 மாதம்தான் இலவச மாற்று; மீதி 24 மாதத்துக்குப் புதிய பேட்டரியின் விலையில் ஒரு பங்கு தள்ளுபடி, அதுவும் மாதம் போகப் போகத் தேயும் என்று இருக்கும். பெரிய எழுத்தில் கூட்டுத்தொகை, எறும்பு எழுத்தில் பிரிப்பு. இன்னொரு தந்திரம், பழைய சரக்கு. அமிலத்தோடு அலமாரியில் மாதக்கணக்கில் தூங்கிய பேட்டரி, நீங்கள் பணம் கொடுக்கும் நாளிலேயே பாதி ஆயுளை விட்டிருக்கும். பளபளவென்று துடைத்துத் தருவார்கள். உற்பத்தி மாதமும் ஆண்டும் பெட்டியின் மேல் பொறித்திருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் ஆனதைத் தொடாதீர்கள். அந்த இடம் சுரண்டியிருந்தால் கடையையே தொடாதீர்கள். கடைக்காரர் முன்னாலேயே மீட்டர் வைத்து வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், பணம் உங்களுடையது.

என்ன ஆயிற்று என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.

பேட்டரிக்கு போர் தண்ணீர் ஊற்றலாமா? ஆர்.ஓ. தண்ணீர்?
— பாலக்கோடு வாசகர்

இரண்டும் கூடாது. ஃப்ளோரைடு மிகுந்த இந்த நிலத்தடி நீருக்குப் பயந்துதான் காவிரியிலிருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. நம் பல்லுக்கே ஆகாத தண்ணீர் தகட்டுக்கு ஆகுமா? ஆர்.ஓ.விலும் உப்பு மிச்சமிருக்கும். காய்ச்சி வடித்த நீரை மட்டும், சார்ஜ் ஏறிய பிறகு, குறியளவுக்கு ஊற்றுங்கள்.

சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடுமாமே?
— ஊத்தங்கரை வாசகர்

இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது.

சார்ஜரை மாட்டி அப்படியே விட்டுவிடலாமா?
— அரூர் வாசகர்

எந்தச் சார்ஜர் என்பதைப் பொறுத்தது. நிறைந்ததும் 13.5 வோல்ட் அளவுக்குத் தானே இறங்கி நிற்கும் வகை என்றால் விடலாம். சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று நான் ஒன்று வாங்கினேன்; ‘ஆட்டோ’ என்று மேலே எழுதியிருந்தது, உள்ளே அப்படி எதுவும் இல்லை. பேட்டரியின் நீரைக் கொதிக்கவைத்து வற்றடித்தது. அதற்குப் பிறகு வாங்கிய குட்டி சோலார் தகட்டில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் இல்லை. இரவில் பேட்டரியிலிருந்தே உறிஞ்சியது. அது இப்போது வீட்டில் ஜன்னல் மறைப்பு. பேட்டரி கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் தரும், நம்பகமான கடையில் பில்லோடு வாங்கிய சார்ஜர் ஒன்று போதும். காற்றோட்டமான இடத்தில் ஏற்றுங்கள், பக்கத்தில் பீடி கூடாது.

செத்த பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போடலாமா?
— தேன்கனிக்கோட்டை வாசகர்

வேண்டாம். எடை குறைய அமிலத்தை வாய்க்காலில் கொட்டச் சொல்வார். புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து, உங்கள் கண் முன்னால் எடை போடச் சொல்லி, கழித்த தொகையைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.