ரேடார் திரையில் எந்தப் புள்ளி எந்த விமானம் என்று எப்படித் தெரிகிறது?

சாதாரண ரேடார் அலை விமானத்தின் உடலில் பட்டுத் திரும்பும். திரையில் ஒரு புள்ளி விழும், அவ்வளவுதான். அது எந்த விமானம், எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்பது தெரியாது. அதற்குத்தான் டிரான்ஸ்பாண்டர். தரையிலிருந்து 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி போகும். விமானத்தில் உள்ள இந்தக் கருவி 1090 மெகாஹெர்ட்ஸில் தானாகவே பதில் அனுப்பும். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஒதுக்கிய நான்கு இலக்க எண்ணும் உயரமும் அதில் வரும். எண்ணில் 8, 9 கிடையாது. அதனால் மொத்தமே 4096 எண்கள்தான். கணினி அந்த எண்ணைப் பயணத் திட்டத்தோடு பொருத்தி, புள்ளிக்குப் பக்கத்திலேயே விமானத்தின் அழைப்புப் பெயரை எழுதிவிடும். அப்புறமும் சந்தேகமா? டிரான்ஸ்பாண்டரில் உள்ள 'ஐடென்ட்' பொத்தானை அழுத்தும்படி கட்டுப்பாட்டாளர் விமானியிடம் சொல்வார். அந்தப் புள்ளி மட்டும் தனித்துத் தெரியும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது 7600. ரேடியோ செயலிழந்துவிட்டால், விமானி பேசாமலேயே அதைத் தரைக்குச் சொல்ல இந்த எண் போதும்.