வாசகர் கேள்வி – பதில்: ஆம்ஸ்டர்டாமில் ஒரே நாள், எந்த மியூசியம்?

கேள்வி: ஜூனில் பாரிஸிலிருந்து ரயிலில் ஆம்ஸ்டர்டாம் போகிறோம். கையில் இருப்பது ஒரே ஒரு முழு நாள். ரைக்ஸ்மியூசியமும் வான்கோ மியூசியமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவாமே. இரண்டையும் பார்க்கலாமா? ஒன்றுதான் முடியும் என்றால் எது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மியூசியம்ப்ளெய்ன் என்ற புல்வெளித் திடலின் ஓரத்தில்தான் இரண்டும் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஐந்து நிமிட நடை. எது வேண்டும் என்று நீங்கள் யோசிப்பதற்கு முன்பே டிக்கெட் முடிவு செய்துவிடும் என்பதுதான் சிக்கல். வான்கோ மியூசியத்தின் வாசலில் டிக்கெட் விற்பதில்லை. நாளும் நேரமும் குறித்து இணையத்தில் வாங்க வேண்டும். கோடையில் சீக்கிரமே தீர்ந்துபோகும். எனவே முதலில் அதைப் பாருங்கள். கிடைத்த நேரத்தை வைத்து மற்றதைத் திட்டமிடுங்கள். நெதர்லாந்தின் தேசிய மியூசியமான ரைக்ஸ்மியூசியத்துக்கும் நேரம் குறித்துத்தான் வாங்க வேண்டும், ஆனால் அங்கே இடம் கிடைப்பது சற்று எளிது. ஒவ்வொன்றுக்கும் பெரியவர்களுக்குச் சுமார் 25 யூரோ. 18 வயது வரை இலவசம் என்றாலும் அவர்களுக்கும் இலவச டிக்கெட் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒன்றுதான் என்றால், ஓவியம் பார்ப்பதற்காகவே போகிறவர்களுக்கு எங்கள் ஓட்டு வான்கோவுக்கு. 27 வயதில் தூரிகை எடுத்து 37-இல் இறந்துபோன ஒருவரின் பத்தே ஆண்டு உழைப்பு அது. 1885-இன் இருண்ட ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ முதல் 1890-இன் ‘காக்கைகள் பறக்கும் கோதுமை வயல்’ வரை ஏறக்குறைய கால வரிசையில் மாடி ஏறிக்கொண்டே பார்க்கலாம். இரண்டு மணி நேரம் தாராளம். வர்ணம் கான்வாஸில் வரப்பு மாதிரி மேடிட்டு நிற்பதை எந்த அச்சும் காட்டாது. ரைக்ஸ்மியூசியமோ ரெம்ப்ராண்ட்டின் ‘இரவுக் காவல்’ ஓவியத்தை 717 கிகாபிக்சல் படமாக இணையத்திலேயே போட்டுவிட்டது. வீட்டிலிருந்தே தூரிகைத் தடம் வரை பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளலாம். (அது இரவுக் காட்சியே அல்ல. மேலே பூசிய வார்னிஷ் கறுத்ததால் வந்த பெயர்.)

இரண்டும் பார்ப்பதென்றால் காலை 9 மணிக்கு ரைக்ஸ்மியூசியம், பிற்பகல் 2 மணிக்கு மேல் வான்கோ. 9-க்கும் 11-க்கும் என்று அடுத்தடுத்துப் பதிவு செய்துவிட்டு அவதிப்படுகிறவர்கள் நிறைய. ரைக்ஸில் சுமார் 80 அறைகள், 8,000 பொருள்கள். தரைத்தளத்திலிருந்து வரிசையாகத் தொடங்கினால் நல்ல ஓவியங்களுக்கு வரும்போது கால் ஓய்ந்திருக்கும், கூட்டமும் சேர்ந்திருக்கும். கதவு திறந்ததும் நேரே இரண்டாம் மாடியின் பிரதான கூடத்துக்குப் போங்கள். முதலில் டச்சு ஓவியர் வெர்மீர். அவருடைய ‘பால்காரி’ வெறும் 45.5 × 41 செ.மீ.; முன்னால் பத்துப் பேர் நின்றால் ஒன்றும் தெரியாது. ‘இரவுக் காவல்’ பிறகு இருக்கட்டும். கிட்டத்தட்ட நாலரை மீட்டர் அகலம். கூட்டத்துக்கு மேலேயும் தெரியும். 2019-இலிருந்து அதைக் கண்ணாடி அறைக்குள் வைத்துத்தான் ஆராய்ந்து வருகிறார்கள். 2024 நவம்பரில் பழைய வார்னிஷை நீக்கத் தொடங்கினார்கள். ஆகவே படத்தின் முன் சாரமும் ஆட்களும் இருந்தால் ஏமாற வேண்டாம். அந்த வேலையும் பார்க்க வேண்டியதுதான். இடப்பக்கம் ஏதோ குறைவதுபோலத் தோன்றினால் உங்கள் கண் சரி. 1715-இல் நகரமன்றத்துச் சுவருக்குப் பொருந்த வேண்டும் என்று நாலு பக்கமும் வெட்டிவிட்டார்கள், இடப்பக்கம் அதிகமாக.

கேள்வி: எழுபது வயதுப் பெற்றோர், எட்டு வயது மகன். ஓவியத்தில் ஆர்வம் எனக்கு மட்டும்தான். எங்களுக்கும் வான்கோதானா?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை, ரைக்ஸ். எண்ணூறு ஆண்டுச் சரக்கு அங்கே: கப்பல் மாதிரிகள், ஆயுதங்கள், பொம்மை வீடுகள், டெல்ஃப்ட் நீலப் பீங்கான். ஓவியம் சலித்த பையனுக்கு வேறு கிடைக்கும். குய்ப்பர்ஸ் நூலகத்தின் புத்தக அடுக்குகளை மாடத்திலிருந்து பார்த்துவிடுங்கள். லிஃப்ட் உண்டு; சக்கர நாற்காலி வேண்டுமென்றால் முன்பே கேட்டுவையுங்கள். தோட்டத்துக்குக் கட்டணமில்லை. ஒரே எச்சரிக்கை: கட்டடத்தின் நடுவே போகும் சுரங்கப் பாதை சைக்கிள் பாதையும்கூட. படம் எடுக்க நடுவில் நின்றால் மணியடித்துத் திட்டுவார்கள்.

கேள்வி: அங்கே நம் நடராஜர் ஒருவர் இருக்கிறாராமே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இருக்கிறார், ரைக்ஸ்மியூசியத்தின் ஆசியக் கூடத்தில். தமிழ்நாட்டு வெண்கலம், 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கிறார்கள். உயரம் 153 செ.மீ., எடை சுமார் 300 கிலோ. டச்சு ஆசியக் கலை நண்பர்கள் சங்கம் 1935-இல் வாங்கியது. உட்புறம் எப்படியென்று பார்க்க, சாதாரண எக்ஸ்ரே போதாமல், ரோட்டர்டாம் துறைமுகத்தில் கண்டெய்னர்களைச் சோதிக்கும் சுங்க இலாகாவின் எக்ஸ்ரேக்குள் லாரியோடு சேர்த்தே அனுப்பினார்கள். உள்ளே கூடில்லை, முழுக்க நிறைந்த வார்ப்பு என்று தெரிந்தது. சுவாமிமலை ஸ்தபதிகளுக்கு இது வியப்பாக இருக்காது.

பலர் இதைத் தவறவிடக் காரணம், கூடம் பிரதான மாடிகளில் இல்லை. நீர் சூழ்ந்த தனிக் கட்டடம். தரைத்தளத்து நடுமுற்றத்திலிருந்து வழிப்பலகை பார்த்துப் போக வேண்டும். கூட்டம் குறைவு. மதிய அயர்ச்சிக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

கேள்வி: வான்கோ டிக்கெட் தீர்ந்துவிட்டது. வேறு தளங்களில் கூடுதல் விலைக்கு இருக்கிறது. வாங்கலாமா?
– வாசகி, சென்னை

பதில்: மியூசியத்தின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கும் அவசரப்பட்டு வாங்காதீர்கள், செல்லாத டிக்கெட்டோடு வாசலில் நிற்க நேரலாம். சொந்தத் தளத்தையே தினமும் ஒரு முறை பாருங்கள். பல இடங்களுக்குச் சேர்த்து ஒரே அனுமதியாக விற்கும் ‘ஐ ஆம்ஸ்டர்டாம்’ நகர அட்டையை நம்பியும் போகாதீர்கள். அதில் ரைக்ஸ் உண்டு, வான்கோ இல்லை. கிடைக்கவே இல்லையென்றால், ரைக்ஸின் 19-ஆம் நூற்றாண்டுப் பகுதியில் வான்கோவின் 1887 சுய உருவப்படம் இருக்கிறது. இன்னொரு நாள் கூடுதலாக இருந்தால் ஒட்டர்லோவின் க்ரோலர்-முல்லர் மியூசியம் போங்கள். வான்கோ சேகரிப்பில் உலகிலேயே இரண்டாவது பெரியது, காட்டுக்குள் இருக்கிறது. ரயிலும் பேருந்தும் மாறிப் போக வேண்டும். ஒரு நாள் அதற்கே சரியாகிவிடும்.

கேள்வி: ‘நட்சத்திர இரவு’ எந்த மாடியில்?
– வாசகர், சேலம்

பதில்: எந்த மாடியிலும் இல்லை, நியூயார்க்கில். ஆம்ஸ்டர்டாமின் வான்கோ மியூசியத்தில் ‘சூரியகாந்தி’, ‘படுக்கையறை’, ‘பாதாம் பூக்கள்’ பாருங்கள். படுக்கையறைச் சுவர் இன்று நீலமாகத் தெரிகிறது. அவர் தீட்டியது ஊதா. சிவப்பு நிறமி வெளிச்சத்தில் வெளிறிவிட்டது. கூடங்களில் விளக்கு மங்கலாக இருப்பதற்கும் காரணம் அதுதான். காட்சிக்கூடங்களில் படமெடுக்கத் தடை. ரைக்ஸில் ஃப்ளாஷும் செல்ஃபி குச்சியும் இல்லாமல் எடுக்கலாம். முதுகுப்பையைக் காப்பறையில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். ரயிலிலிருந்து பெட்டியோடு நேரே வராதீர்கள். சென்ட்ரல் நிலையத்தின் லாக்கரில் வைத்துவிட்டு 2 அல்லது 12-ஆம் எண் டிராம் பிடியுங்கள். ஏறும்போது தட்டிய வங்கி அட்டையை இறங்கும்போதும் தட்ட மறக்காதீர்கள்; மறந்தால் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள்.