கோடை முகாம்: கேள்வி – பதில்

கே: என்.சி.சி. கோடை முகாமில் கூடாரம் அடித்துத் தளம் அமைக்கும் பயிற்சி. கயிறுகளை நன்றாகத்தான் இழுத்துக் கட்டினோம். இரவு மழையில் முளைகள் பிடுங்கிக்கொண்டன. ஏன்?
– கல்லூரி மாணவர், ஊத்தங்கரை

ப: இழுத்துக் கட்டியதுதான் காரணம். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும். வெயிலில் விறைப்பாகக் கட்டியது மழையில் முளையையே இழுத்துவிடும். பொழுது சாய்ந்ததும் ஒரு சுற்று வந்து கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். நைலான் நேர்மாறு, நனைந்தால் தொய்யும். இரண்டையும் ஒரே கூடாரத்தில் கலந்து கட்டினால் ஒரு பக்கமாகச் சாயும்.

உங்கள் பக்கம் பல இடங்களில் மேலே கொஞ்சம் செம்மண், கீழே பாறை. மரமுளை எடுபடாது. கடப்பாரையால் துளை போட்டு, இரும்பு முளையின் தலை கூடாரத்துக்கு வெளிப்புறமாகச் சாய்ந்திருக்கும்படி 45 டிகிரியில் அடியுங்கள். அதுவும் இறங்காவிட்டால் மண்மூட்டையைப் பாதி புதைத்து அதில் கட்டலாம். சுற்றிலும் அரையடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, சரிவுப் பக்கம் வழி விடுங்கள். ஓடைப் படுகை சமமாக, மணலாக இருக்கிறதே என்று அங்கே போய்விடாதீர்கள். மே மாதக் கோடை மழை மலையில் பெய்தால் போதும், இங்கே வெள்ளம் வரும். இடி இடிக்கிற பருவத்தில் தனிப் புளியமரத்தடியும் ஆகாது.

கே: போர்வெல் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதாதா?
– வாசகி, பென்னாகரம்

ப: கிருமி சாகும், ஆனால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு உப்பு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அதன் அளவு லிட்டருக்குக் கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஆழ்துளைக் கிணறுகள் இதைத் தாண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணீரை லாரியில் எடுங்கள். போர்வெல் குளிக்க, துவைக்க.

லாரித் தண்ணீருக்கு 1000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். வாளியில் கரைத்து, தெளிவை மட்டும் டேங்கில் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு சோதித்தால் லிட்டருக்கு 0.5 மி.கி. குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். இல்லையென்றால் பவுடரைச் சந்தேகப்படுங்கள்: வாய் திறந்து வெயிலில் கிடந்த மூட்டையில் வீரியம் இருக்காது. கலங்கல் தண்ணீரும் குளோரினைத் தின்றுவிடும், முதலில் தெளியவிடுங்கள்.

கே: நூறு பேருக்குக் கழிப்பறைக் குழி எவ்வளவு வெட்ட வேண்டும்?
– பயிற்சி ஆசிரியர், அரூர்

ப: அகலம் 30 செ.மீ., ஆழம் 90 முதல் 150 செ.மீ., நீளம் 3 முதல் 3.5 மீட்டர். பாறை தட்டி ஆழம் குறைந்தால் நீளத்தைக் கூட்டுங்கள். ஆண், பெண் தனித்தனி. வெட்டிய மண் ஓரத்திலேயே இருக்கட்டும். போனவர் ஒவ்வொருவரும் மண் தள்ளினால்தான் ஈ வராது. தரைமட்டத்துக்கு 30 செ.மீ. கீழே நிறைந்ததும் மூடிவிட்டு வேறு வெட்டுங்கள். கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி, சமையலிடத்துக்குக் காற்று அடிக்காத பக்கம்.

கே: ஜெனரேட்டரைத் தொட்டால் சுரீர் என்கிறது. எர்த் கம்பி அடித்திருக்கிறோமே?
– மாணவர், பர்கூர்

ப: உடனே நிறுத்துங்கள். எங்கோ வயர் கசிகிறது. எலக்ட்ரீஷியன் அதைக் கண்டுபிடிக்கும்வரை ஓட்டக்கூடாது. கோடையில் காய்ந்த சரளை மண்ணில் அடித்த எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கும். குளியல் தண்ணீர் வடியும் ஈர இடத்தில் ஆழமாக அடித்து, தினமும் தண்ணீர் ஊற்றுங்கள். கூடார லைன்களுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.