பெனால்டியும் ஓட்டும் பிலிப்பியர் நிருபமும்

கேள்வி: ஐயா, எனக்கு 19 வயது. பேராக்கில், சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள் இருக்கும் ஒரு சின்ன டவுன் எங்களுடையது. சபை வாலிபர்கள் சேர்ந்து ஒரு கால்பந்துக் குழு வைத்திருக்கிறோம். இந்த வருடம் இறுதி ஆட்டம் வரை போனோம். ஜெர்சியின் முதுகில் "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற வசனத்தை அடித்திருந்தோம். கடைசிப் பெனால்டியை நான் அடித்தேன். பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது. சபையில் மூப்பராக இருக்கும் என் பெரியப்பா, "விசுவாசக் குறைவுதான் காரணம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஜெர்சி வாங்கிக் கொடுத்தவர் அடுத்த சட்டமன்றத் தேர்தலில் நிற்கப்போகிறார். "கைநீட்டி வாங்கிவிட்டோம், ஓட்டு அவருக்குத்தான்" என்கிறார் அம்மா. பெரியப்பாவோ, "நம்முடைய குடியிருப்பு பரலோகத்தில் இருக்கிறது. அதிகாரிகளைத் தேவனே நியமிக்கிறார். நீ எதற்கு ஓட்டுப்போட வேண்டும்?" என்கிறார். எனக்கு இதுதான் முதல் ஓட்டு. என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், பேராக், மலேசியா

பதில்: தம்பி, முதலில் அந்தப் பெனால்டியைப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் அப்புறம்.

நானும் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். கோல்கீப்பராக நின்றவன். ஒரு தீபாவளிக்குப் பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் நடந்தது. ஒரு சொத்தைப் பந்து, குழந்தை உருட்டியதுபோல் மெதுவாக வந்து, என் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து உள்ளே போனது. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில் கங்காணி ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் யாரும் அதை என் விசுவாசக் கணக்கில் எழுதவில்லை. காலைச் சேர்த்து வைக்கவில்லை என்றுதான் திட்டினார்கள். அது நியாயமான திட்டு.

உதைக்கும்போது உடம்பு பின்னால் சாய்ந்தால் பந்து மேலே போகும். உன் பெனால்டிக்கு என்னிடம் இருக்கிற வியாக்கியானம் இவ்வளவுதான். எதிர்க்குழுவிலும் ஜெபம் பண்ணிவிட்டு வந்தவர்கள் இருந்திருப்பார்கள். மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்த பையன் இருந்திருப்பான், துவா ஓதிவிட்டு இறங்கிய பையன் இருந்திருப்பான். அவர்கள் கோப்பையைத் தூக்கினார்கள் என்பதற்காக உன் பெரியப்பா அவர்களுடைய விசுவாசத்தைப் பாராட்டினாரா? இல்லையே. அந்தத் தராசு ஒரு பக்கம் மட்டும்தான் நிறுக்கும் போலிருக்கிறது.

பிரசங்கி 9:11 இந்தப் பேச்சுக்கெல்லாம் முன்பே பதில் சொல்லிவிட்டது. "ஓடுகிறதற்கு வேகமுள்ளவர்களின் வேகமும், யுத்தத்துக்குச் சவுரியவான்களின் சவுரியமும் போதாது." நல்லவன் ஜெயிப்பான், கெட்டவன் தோற்பான் என்று அந்த வசனம் சொல்லவில்லை. வேகமானவனும் தோற்பான் என்று சொல்கிறது. எரிக் லிடெல் கதையைச் சபையில் கேட்டிருப்பாய். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரின் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஓட மறுத்தார், பிறகு 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். நம்முடைய பிரசங்கிமார் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதே மனிதர் மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். 1945இல், விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பு, ஜப்பானியரின் தடுப்பு முகாமில் 43 வயதில் மூளைக்கட்டியால் இறந்துபோனார். பாரிஸில் இருந்த விசுவாசம்தான் முகாமிலும் இருந்தது. குறைந்துவிட்டதென்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

நம் நாட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். 1980 ஏப்ரல் 6, ஈஸ்டர் ஞாயிறு. மெர்டேக்கா ஸ்டேடியத்தில் மலேசியா தென்கொரியாவை 2–1 என்று தோற்கடித்து மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம் கோல் காத்த காலம் அது. எங்களைப் போன்ற தோட்டத்துக் கோல்கீப்பர்களுக்கு அவர் கை நீளம் ஒரு புராணம். அடுத்த ஞாயிறு எங்கள் சபையில் எழுந்து நின்று நன்றி சொல்லி ஜெபித்தோம். ஆனால் குழு மாஸ்கோவுக்குப் போகவே இல்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து அமெரிக்கா தொடங்கிய புறக்கணிப்பில் மலேசியாவும் சேர்ந்தது. நம் இடத்தில் ஈராக் போய் ஆடியது. ஜெயித்தது கர்த்தர் செயல் என்றால், போகவிடாமல் நிறுத்தியது யார் செயல்? அது சரியா தவறா என்று இன்றைக்கும் வாதாடலாம். ஆனால் அது மனிதர்கள் எடுத்த முடிவு. அந்த நாற்காலிகளில் அவர்களை உட்கார வைத்தது ஓட்டு. ஒரு நல்ல கால் அடித்த கோலை, பந்தையே தொடாத கைகள் செல்லாததாக்க முடியும் என்று நான் தெரிந்துகொண்டது அந்த வருடம்தான்.

இனி ஜெர்சி வசனம். தம்பி, நீ எழுதியதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனித்தாயா? நீங்கள் முதுகில் அடித்தது பிலிப்பியர் 4:13. பெரியப்பா சொன்ன "குடியிருப்பு" பிலிப்பியர் 3:20. இரண்டும் அப்போஸ்தலர் பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதிய ஒரே கடிதம். மொத்தம் நான்கே அதிகாரம், டீ ஆறுவதற்குள் வாசித்துவிடலாம். இன்று ராத்திரி முழுதாக ஒருமுறை வாசி. ஏனென்றால் உன் மூன்று பிரச்சினையும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

அதை எழுதும்போது பவுல் கட்டப்பட்டுக் காவலில் இருக்கிறார். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் அவருக்கு உதவி அனுப்பியிருக்கிறார்கள். கடைசி அதிகாரம் அதற்கான நன்றிக் கடிதம். "எல்லாவற்றையும் செய்ய" என்ற வரிக்கு ஒரு வரி முன்னால் பார்: "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்." திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்கிறார். பவுல் அந்தப் பலத்தைக் கேட்டது பட்டினியைத் தாங்குவதற்கு. கோல் அடிப்பதற்கு என்று நாம் சேர்த்துக்கொண்டோம். அப்படிப் பார்த்தால், பெனால்டியை விட்டுவிட்டு, தலை குனிந்து, அடுத்த ஞாயிறு அதே சபைக்கு நீ திரும்பப் போனாயே, அன்றைக்குத்தான் அந்த வசனம் உனக்குப் பொருந்தியது.

அம்மாவின் பேச்சுக்கு வருவோம். தோட்டப்புறத்தில் கைநீட்டி வாங்கியதை மறக்காதவர்கள் நம் அம்மாக்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பவுலும் உதவி வாங்கியவர்தான். வாங்கிவிட்டு என்ன எழுதுகிறார்? "உபகாரத்தை நான் நாடாமல், உங்கள் கணக்குக்குப் பலன் பெருகும்படியே நாடுகிறேன்." மனதார நன்றி சொல்கிறார், அடிமைச்சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. ஜெர்சி வாங்கிக் கொடுத்தவர் நல்ல மனதோடு கொடுத்திருந்தால், நீங்கள் அதைப் போட்டு ஆடியபோதே கணக்கு முடிந்துவிட்டது. ஓட்டை எதிர்பார்த்துக் கொடுத்திருந்தால், அதற்கு வேதத்தில் வேறு பெயர் இருக்கிறது. உபாகமம் 16:19: "முகதாட்சிணியம் பண்ணாமலும், பரிதானம் வாங்காமலும் இருப்பாயாக; பரிதானம் ஞானிகளின் கண்களைக் குருடாக்கி, நீதிமான்களின் நியாயங்களைத் தாறுமாறாக்கும்." பரிதானம் என்றால் லஞ்சம். நம் நாட்டிலும் ஓட்டுக்காகக் கொடுப்பதும் வாங்குவதும் 1954ஆம் ஆண்டின் தேர்தல் குற்றச் சட்டத்தின்கீழ் குற்றம். எனக்கு அந்த முகதாட்சிணியம் என்ற வார்த்தைதான் ரொம்பப் பிடிக்கும். நம் ஊர்த் தேர்தலைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருக்கிறது. எதிரே சிரித்துக்கொண்டு நிற்கிறாரே, எப்படி இல்லை என்பது என்று கூச்சப்பட்டே பாதி ஓட்டு விழுகிறது.

அவரே நல்ல வேட்பாளராகவும் இருக்கலாம். அப்படியானால் தாராளமாக அவருக்கே போடு. ஜெர்சியை மறந்துவிட்டுப் பார்த்தபிறகு போடு.

சரி, பெரியப்பா. அவர்மேல் கோபப்படாதே. அரசியல்வாதிகள் சபைக்குள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்துப் பார்த்துக் கசந்துபோன தலைமுறை அது. மனச்சாட்சிக்காக ஓட்டுப்போடாமல் இருந்துவிடும் கிறிஸ்தவர்களும் உலகத்தில் உண்டு, அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் 3:20ஐ அதற்குத் துணைக்கு அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காரணம், பிலிப்பியில் என்ன நடந்தது என்பது அப்போஸ்தலர் நடபடிகள் 16இல் இருக்கிறது.

பிலிப்பி ரோமர்களின் குடியேற்றப் பட்டணம். ஓய்வுபெற்ற ரோமச் சிப்பாய்களைக் குடியமர்த்திய ஊர். ரோமக் குடியுரிமை அங்கே பெரிய கௌரவம். பவுல் "குடியிருப்பு" என்று எழுதும் இடத்தில் கிரேக்கத்தில் இருக்கும் சொல்லும் குடியுரிமையோடு சம்பந்தப்பட்டதுதான். அந்த ஊரில் பவுலையும் அவரோடு ஊழியத்துக்கு வந்த சீலாவையும் விசாரணையே இல்லாமல் நடுச்சந்தையில் வைத்துத் தடியால் அடித்து உள்ளே தள்ளினார்கள். நடுராத்திரியில் பாட்டுப் பாடியதும் பூமி அதிர்ந்ததும் உனக்குத் தெரிந்த கதை. விடிந்த பிறகு நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. அதிகாரிகள் ஆள் அனுப்பி, "போய்விடச் சொல்" என்றார்கள். பவுல் போகவில்லை. ரோமராகிய எங்களை விசாரிக்காமல் எல்லோர் முன்னாலும் அடித்துவிட்டு, இப்போது இரகசியமாய் அனுப்புவார்களோ? "அப்படியல்ல, அவர்களே வந்து, எங்களை வெளியே அழைத்துவிடட்டும்" என்றார். அதிகாரிகள் பயந்துபோய் நேரில் வந்து கெஞ்சினார்கள்.

குடியிருப்பு பரலோகத்தில் இருக்கிறது என்று எழுதிய அதே மனிதர், அதே ஊரில், தன் பூலோகக் குடியுரிமையை மேஜைமேல் எடுத்து வைத்த கதை இது. தனக்காக மட்டும் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. அவர் கிளம்பிப் போய்விடுவார், லீதியாள் வீட்டில் கூடுகிற புதுச் சபை அங்கேயே இருந்தாக வேண்டும். இவர்களைத் தொடுவதற்கு முன்னால் அதிகாரிகள் இரண்டுமுறை யோசிக்கட்டும் என்று செய்திருப்பார்.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு என் பாட்டி ஞாபகம் வரும். சின்னப் பெண்ணாகக் கப்பலில் வந்து, நாற்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். கையில் கடைசிவரை சிவப்பு ஐசிதான், குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை. கவுண்டர் கவுண்டராக ஏறி இறங்கினோம், பத்திரம் போதாது, மறுபடி வா என்றே அனுப்பினார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் பாட்டி நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு அம்மாவோடு தமிழ்ப்பள்ளி வரைக்கும் வருவார். ஓட்டுப்போடும் வரிசையில் நிற்க முடியாது. கேட்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். அம்மா வெளியே வந்ததும், "போட்டியா?" என்று மட்டும் கேட்பார். தம்பி, உனக்கு நீல ஐசி, குடிமகனுடைய அட்டை. எங்கள் காலத்தில் தபால் நிலையத்தில் பாரம் நிரப்பிப் பதிந்துகொள்ள வேண்டும், அதுவும் 21 வயதுக்குப் பிறகு. 2021 டிசம்பரிலிருந்து 18 வயதானால் பெயர் தானாகவே பட்டியலில் ஏறிவிடுகிறது. நீ எதுவுமே செய்யாமல் உனக்குக் கிடைத்தது அது.

"அதிகாரிகளைத் தேவனே நியமிக்கிறார்" என்பது ரோமர் 13. நீரோ ஆண்ட நாளில், அவனைத் தேர்ந்தெடுக்க எந்த வழியும் இல்லாத மக்களுக்கு எழுதியது. கீழ்ப்படியச் சொல்கிறது, சரி. தேர்ந்தெடுக்க வழி இருக்கும் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு இரு என்று எங்கே சொல்கிறது? நாலாம் வசனம் அதிகாரியைத் தேவஊழியக்காரன் என்கிறது, உனக்கு நன்மை உண்டாகும்படி வைக்கப்பட்டவன். ஊழியக்காரன் என்றால் கணக்குக் கேட்கலாம்.

அப்போஸ்தலர் 6ஐயும் பார். கிரேக்க மொழி பேசியவர்கள், தங்கள் விதவைகளுக்கு அன்றாட உதவி சரியாகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுத்தார்கள். உதவித்தொகை லிஸ்டில் நம் பெயர் மட்டும் விட்டுப்போகிறதே என்று தோட்டத்து லயத்து வீடுகளில் பேசிக்கொள்வோமே, அதே முறுமுறுப்பு. அப்போஸ்தலர்கள் "பொறுமையாக ஜெபியுங்கள்" என்று சொல்லவில்லை. "ஏழுபேரை உங்களில் தெரிந்துகொள்ளுங்கள்" என்றார்கள். பொறுக்கியது ஜனங்கள், கைவைத்து ஜெபித்தது அப்போஸ்தலர்கள். அந்த ஏழு பெயரையும் வாசித்துப் பார்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழுமே கிரேக்கப் பெயர்கள். பெரும்பான்மையாக இருந்தவர்கள், குறை சொன்னவர்களின் பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. என்னைக் கேட்டால், ஜனநாயகத்தைப் பற்றி வேதாகமத்தில் இதைவிட நல்ல பக்கம் இல்லை. அங்கே கேட்ட தகுதி மூன்றுதான்: பரிசுத்த ஆவி, ஞானம், நற்சாட்சி. முதலாவதை அளக்க உன்னிடம் கருவி இல்லை. மற்ற இரண்டையும் ஊரில் விசாரித்தால் தெரிந்துவிடும். தேர்தல் இல்லாத வருடத்தில் வடிகால் அடைத்தபோது அந்த ஆள் எங்கே இருந்தார் என்று கேள். அவர் கிறிஸ்தவரா என்பது என் லிஸ்டில் கடைசியில்தான் வரும்.

அதனால் ஓட்டுப்போடு. யாருக்கு என்று நான் சொல்லப்போவதில்லை, நீயும் அம்மாவிடம் சொல்ல வேண்டியதில்லை. பெரியப்பாவிடம் வாதாடாதே. பிலிப்பியர் நிருபத்தையும் அப்போஸ்தலர் 16ஐயும் ஒருநாள் அவரோடு உட்கார்ந்து வாசி, எதுவும் பேசாமல் வாசி.

அடுத்த வருடத்து ஜெர்சிக்கு நீங்களே ஆளுக்குக் கொஞ்சம் காசு போடுங்கள். முதுகில் 12ஆம் வசனத்தையும் சேர்த்து அடிக்கச் சொல். இடம் போதாது என்று பிரிண்ட் கடைக்காரர் சொன்னால், "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" மட்டும் போதும். உதைக்கும்போது பின்னால் சாயாதே.