பள்ளியில் சீண்டப்படும் ஆட்டிசப் பிள்ளைகள்: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பையன் எட்டாம் வகுப்பு. ஸ்கூல்ல "சமத்து, ஒரு தொந்தரவும் இல்லை" என்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் பையை வீசி, தலையில் அடித்துக்கொண்டு கத்துகிறான். யாராவது கிண்டல் பண்ணாங்களா என்றால் "இல்லை" என்கிறான்.

பதில்: அந்த "இல்லை"யோடு விட்டுவிடாதீர்கள் அம்மா. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தன் மனதில் ஓடுவது பயமா கோபமா என்று பெயர் சொல்லவே வராது. நடந்தது விளையாட்டா கிண்டலா என்பதும் பிடிபடாமல் இருக்கலாம். பகல் முழுக்க அடக்கியது வீட்டு வாசலில் உடைகிறது. வந்தவுடன் விசாரிக்காதீர்கள். தண்ணீர், ஏதாவது தின்ன, மின்விசிறி, மங்கிய வெளிச்சம். ஒரு மணி நேரம் போகட்டும்.

பிறகு ஒரு தாளில் பள்ளியை வரையுங்கள்: வேன், வாசல், வகுப்பு, மாடிப்படி, கழிப்பறை, சாப்பிடும் இடம், மைதானம். பச்சை, மஞ்சள், சிவப்பு பென்சில்களை அவன் கையில் கொடுங்கள். சிவப்பு விழுந்த இடத்தைப் பற்றி மட்டும் "அங்கே யார் எங்கே நிப்பாங்க? அப்புறம்?" என்று கேளுங்கள். "ஏன்" வேண்டாம், அது திட்டுவது போல அவன் காதில் விழும்.

கூடவே இரண்டு வாரம் ஒரு நோட்டில் தேதி, கிழமை, அவன் சொன்ன சொல் அப்படியே, தூங்கிய நேரம். தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்புகிறதா? கழிப்பறைக்குப் போகப் பயப்படுகிறான் என்று சந்தேகப்படலாம். பிறகு டைம்டேபிளோடு ஒப்பிடுங்கள். செவ்வாயும் வியாழனும்தான் வெடிக்கிறான், அந்த இரண்டு நாளும் பி.டி. பீரியட் என்றால் இடம் தெரிந்துவிட்டது. பெரும்பாலும் பெரியவர் கண் படாத இடமாகத்தான் இருக்கும்.

கேள்வி: கூட இருக்கும் பசங்க "மச்சான்" என்று கூப்பிட்டு, டீச்சரிடம் கெட்ட வார்த்தை சொல்லச் சொல்கிறார்கள். இவனும் சொல்லிவிட்டு அடி வாங்குகிறான். "அவங்க என் ஃப்ரெண்ட்ஸ்" என்கிறான்.

பதில்: "அவங்க ஃப்ரெண்ட்ஸே இல்லை" என்று சொல்லாதீர்கள் சார். அவனுக்கு இருப்பதே அந்த ஒரு கூட்டம்தான். அவனே சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்விகளைக் கொடுங்கள்: மாட்டிக்கிட்டா தண்டனை எனக்கு மட்டுமா? அவங்க என்கிட்ட வாங்கின பணம் திரும்பி வந்ததா? "நீ முதல்ல சொல்லு, நான் பாக்கறேன்" என்ற ஒரே வாக்கியத்தை வீட்டில் தினமும் ஐந்து முறை நடித்துப் பழக்குங்கள். பத்து வாக்கியம் கற்றுக்கொடுத்தால் பதற்றத்தில் ஒன்றும் வராது.

கேள்வி: மகன் ஒருவனை அடித்துவிட்டான். டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

பதில்: நீங்களே விரும்பிக் கேட்பதாக எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். பல நாள் சீண்டியது கண்ணில் படாது, கடைசி அடி மட்டும்தான் படும். அன்றைக்கே தலைமையாசிரியருக்கு எழுதுங்கள்: சம்பவத்துக்கு முந்தைய 15 நிமிடம் என்ன நடந்தது, பொறுப்பில் இருந்தது யார், சிசிடிவி பதிவை அழிக்காமல் வையுங்கள். தாமதித்தால் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். கேட்பதையும் குறிப்பாகக் கேளுங்கள்: இடைவேளையில் நூலகத்தில் இருக்க அனுமதி, வேனில் முன் இருக்கை, கழிப்பறைப் பக்கம் ஒரு ஆசிரியர். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குங்கள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 21 குறைபாடுகளில் ஒன்றாக ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. அதன் 16ஆம் பிரிவுப்படி அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடு காட்டாமல் தேவையான வசதி செய்துதர வேண்டும். மறுத்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். பாலியல் சீண்டல் என்றால் பள்ளியோடு பேசிக்கொண்டிருக்க வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். அதை அறிந்தவர் புகார் செய்வது, பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி கட்டாயம்.

கேள்வி: கண்ணைப் பார்த்துப் பேசவும், கை ஆட்டாமல் இருக்கவும் மகளைப் பழக்கினால் கேலி நிற்குமா?

பதில்: அதை நான் செய்யச் சொல்ல மாட்டேன். தன் இயல்பை மறைத்து நடிப்பது தற்கொலை எண்ணத்தோடு தொடர்புடையது என்று 2018இல் வந்த ஆய்வே காட்டியது. கேலி செய்பவர்களை விட்டுவிட்டு, கேலிக்கு ஆளாகிறவளைத் திருத்துவது என்ன நியாயம்?

கேள்வி: "நான் செத்துட்டா நல்லது" என்று சினிமா வசனம் போல, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொல்கிறாள்.

பதில்: முகத்தையும் குரலையும் வைத்து எடை போடாதீர்கள். நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு நினைக்கிறியா? எப்படின்னு யோசிச்சியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாத்திரை, பூச்சிமருந்து எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். தனியே விடாதீர்கள். அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

கேள்வி: தங்கையும் அதே பள்ளி. "அண்ணனைப் பாத்துக்கோ" என்று சொல்லி அனுப்புகிறோம். இப்போது அவளும் பேசுவதில்லை.

பதில்: அந்த வேலையை இன்றைக்கே அவளிடமிருந்து எடுத்துவிடுங்கள். காவல் பள்ளியின் பொறுப்பு. அண்ணனைக் கேலி செய்தால் அவளுக்கும் வலிக்கும், அவனை நினைத்து வெட்கமும் வரும், வெட்கப்பட்டதற்குக் குற்றவுணர்வும் வரும். "கோபம் வந்தா தப்பில்லைம்மா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தினமும் 20 நிமிடம் அண்ணன் பேச்சே எடுக்காமல் அவளோடு இருங்கள். அவள் என்ன செய்யலாம் என்கிறாளோ அதைச் செய்யுங்கள்.